காலி அட்டைகளின் சாட்சியம்

மே 10, சனி. என் தங்கை வசந்தாவின் (வயது 66) இரத்த அழுத்தம் அவள் வீட்டில் அளக்கப்பட்டது. குறிப்பேட்டில் உள்ள பதிவு: 128/82. அளந்தவர் அந்த ஊரின் சுகாதாரத் தன்னார்வலர் செல்வராணி.

மே 11, ஞாயிறு, மாலை 6 மணி. அந்த எண்ணை வசந்தா தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். புனேயில் என் கணினியில் பதிந்துகொண்டேன்.

மே 17, சனி, காலை 7.15 அளவில். வீட்டு வாசலில் விழுந்தாள். அண்டை வீட்டார் ஆம்புலன்ஸை அழைத்தனர். அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது அழுத்தம் 220/130.

மே 18, ஞாயிறு, அதிகாலை 4.20. இறந்தாள். காரணம்: மூளையில் இரத்தக் கசிவு. நான் பிற்பகலில் வந்து சேர்ந்தேன். மாலையில் தகனம்.

ஜூன் 8, ஞாயிறு, அதிகாலை. அவளுடைய குறிப்பேட்டுடன் மறுபடி புறப்பட்டேன்.

இதுவரை எழுதியவற்றில் எவரும் மறுக்கக்கூடியது எதுவும் இல்லை. இனி வருவதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

முதலில் குறிப்பேட்டைப் பற்றி. ஊரில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, வீடு வீடாக அனுப்பி, அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கவும் மாத்திரை கொடுக்கவும் செய்யும் அரசுத் திட்டத்தில் கொடுப்பது அது. வசந்தாவுடையதில் முப்பத்தொரு மாதப் பதிவுகள், மாதத்துக்கு மேல், கீழ் என இரண்டாக அறுபத்திரண்டு எண்கள். அவற்றில் ஒன்றுகூட ஒற்றைப்படை எண் இல்லை. மின்கலத்தில் ஓடும் கருவி ஒற்றைப்படை எண்ணையும் இரட்டைப்படை எண்ணையும் பேதமின்றிக் காட்டும். ஒரு நாணயத்தை அறுபத்திரண்டு முறை சுண்டி அத்தனை முறையும் தலை விழுந்தது என்று ஒருவர் சொன்னால், நாணயத்தை வாங்கிப் பார்ப்பேன். முப்பத்தாறு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். உட்கார்ந்த இடத்திலேயே புனைந்த எண்களை அவற்றின் கடைசி இலக்கத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. செல்வராணி அளக்காமல் எழுதினார் என்பது என் முடிவு. ரயிலிலேயே நான்கு பக்கப் புகாரை எழுதி முடித்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அரியலூரில் இறங்கினேன். எங்கள் தந்தைக்கு ஊர் ஊராக மாற்றல் வந்த ரயில்வே வேலை. இந்தப் பக்கம் எனக்குத் தங்கையின் புகுந்த ஊர் மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் நான்காவது முறையாக வருகிறேன். அந்த வகையில் இது எனக்கு வெளிநாடு. நிலையத்துக்கு வெளியே வேப்பிலைகள் மேல் வெண்தூசி படிந்திருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

தேநீர்க் கடையில் என் அருகில் நின்ற இரண்டு இளைஞர்கள் சிமெண்டு ஆலை வேலைக்கு வந்த பீகாரிகள். எனக்கு இந்தி தெரியும் என்பதை அவர்கள் அறியவில்லை. "இந்தக் கிழவர் டீயை மருந்து மாதிரி குடிக்கிறார் பார்," என்றான் ஒருவன். "பார்த்தால் வாத்தியார் மாதிரி இருக்கிறார். கடைக்காரருக்கு மதிப்பெண் போடுவார்," என்றான் மற்றவன். கணிப்பு தவறில்லை. புனேயில் தேநீரில் இஞ்சி நசுக்கிப் போடுவார்கள். இங்கே சர்க்கரை அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது.

சிற்றுண்டி விடுதியில் இட்லி, பொங்கல், சின்ன வெங்காயச் சட்னி. மூன்றாவது இட்லியை நான் கேட்கவில்லை. பரிமாறியவர் தாமாக வைத்துவிட்டு, "சாப்புடுங்கய்யா, மொகம் வாடிக் கெடக்கு," என்றார். கூடுதலாக விற்கும் உத்தி என்று எண்ணினேன். விலைச்சீட்டில் இரண்டு இட்லிதான் இருந்தது.

பெரம்பலூர்ப் பேருந்து பாதி வழியில் லாரிகளுக்குப் பின்னால் நின்று, பிறகு எஞ்சினும் நின்றது. இறங்கி வெயிலில் நின்றோம். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நடத்துநரைக் கேட்டேன். "பின்னாடி பஸ் வர்ற வரைக்கும் சார்." "அது எப்போது வரும்?" "அது கெளம்பிருச்சான்னே தெரியலைங்களே," என்றார், எனக்காக உண்மையாகவே வருந்தியவராக. மக்காச்சோளக் கொல்லை ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகத்தையே தந்தது.

செவ்வாய்க்கிழமை, செல்வராணி உள்ளிட்ட தன்னார்வலர்களுக்கான பயிற்சி. சுகாதார நிலையம் ஒன்றின் மாடிக் கூடத்தில் முப்பது பெண்கள் கூடியிருந்தனர். கள அளவுகள் எவ்வாறு பதிவாகின்றன என்று பார்க்க விரும்பும் ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று எழுதி, பார்வையாளராக அனுமதி பெற்றிருந்தேன். எழுதியது உண்மை; தங்கையைப் பற்றி எழுதவில்லை. பயிற்சியாளர் கலைவாணி, முன்பு செவிலியராக இருந்தவர். உரத்த குரல், மூக்கின் நுனியில் கண்ணாடி. கூடத்தின் மின்விசிறிகளில் ஒன்று சுற்றியது. அதன் கீழ் இருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

மேசையில் வட்ட முகப்பும் முள்ளும் கொண்ட பழைய காற்றுக் கருவிகள் இருந்தன. "பேட்டரி மிஷின் ரிப்பேர்னு யாரும் சும்மா ஒக்காரக் கூடாது. அதுக்குத்தான் இந்த டிரெயினிங்," என்றார் கலைவாணி. "ஸ்டெத்தைக் காதுல மாட்டுங்க. சத்தம் மொதல்ல கேக்குற எடம் மேல் நம்பர். சத்தம் நிக்கிற எடம் கீழ் நம்பர். ஒரு கோட்டுக்கு எத்தனை?"

"ரெண்டு, மேடம்."

"முள்ளு ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா?"

"நிக்காது மேடம், நாம நிக்க வைக்க மாட்டோம்," என்றார் ஒரு பெண். கூடம் சிரித்தது.

"கிட்ட இருக்குற கோட்டை எழுதணும். நடு நம்பரை நீங்களா எழுதாதீங்க. செல்வராணி, நீ மூணு வருஷமா இதுலதான பாக்குற? வந்து செஞ்சு காட்டு."

கடைசி வரிசையிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான ஒரு பெண் எழுந்து வந்தார். "எனக்குப் பேட்டரி மிஷின் கொடுத்த வாரமே மழைல நனஞ்சு செத்துப்போச்சு. நர்சம்மாதான் அவங்க பழைய மிஷினைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாங்க," என்று மற்றவர்களுக்கு விளக்கினார்.

கோடுகள் இரண்டிரண்டாக ஏறும் கருவியில் ஒற்றைப்படை எண் வராது. முப்பத்தாறு ஆண்டுகள் மாணவர்களிடம் முதல் நாளே சொன்ன பாடம் அது: எண்ணைச் சந்தேகிக்கும் முன் கருவியைப் பார். நான் பார்க்கவில்லை. புகாரின் முதல் மூன்று பக்கங்கள் அந்த நொடியில் பொருளற்றுப் போயின. ஆயினும் நான்காம் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எண்கள் உண்மையானால் அவள் ஏன் இறந்தாள்?

"வயசானவங்க கையில சத்தம் வேற மாதிரி கேக்கும். சார், கொஞ்சம் கை கொடுங்க," என்றார் கலைவாணி.

செல்வராணி என் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றினார். "துணி மேல பட்டையைக் கட்டக் கூடாது. கால் மேல கால் போடாதீங்க சார்." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க, நம்பர் ஏறிக்கும்." பிறகு அவரே தாழ்ந்த குரலில், கருவியைப் பார்த்தபடி, "பூனா சார்தான நீங்க? வசந்தாம்மா வூட்டு போட்டோல பாத்திருக்கேன். சாவுக்கும் வந்திருந்தேன். நீங்க யாரையும் பாக்கல," என்றார். பட்டை என் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. பேசக் கூடாது என்ற விதி எனக்கு உதவியது.

"நூத்தி அறுபத்து நாலு, தொண்ணூத்து நாலு." இரண்டாம் முறை அளந்தார். நான்குதான் குறைந்தது.

"பயணக் களைப்பு," என்றேன்.

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. வெயில்ல வந்தேன், மாடி ஏறுனேன், மருமவளோட சண்டை. காரணத்தை எழுதுறதா இருந்தா எனக்குத் தனி நோட்டு வேணும்." முப்பது பெண்களும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். டாக்டரைப் பாருங்க."

மதியம் பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். பிற்பகலின் முதல் கேள்வி: நோயாளி மாத்திரையை உண்மையாகப் போடுகிறாரா என்று எப்படி அறிவது? பல விடைகள் வந்தன. "சாமி மேல சத்தியம் வாங்கிருவேன் மேடம்," என்றார் ஒருவர். செல்வராணி எழுந்தார்.

"நான் வாய்ப்பேச்சை நம்புறதில்லை மேடம். நான் போற லைன்ல போன மாசத்துக் காலி மாத்திரை அட்டையைக் கொடுத்தாத்தான் இந்த மாச அட்டை. கொண்டா, வாங்கிக்க. ஏமாத்த முடியாது."

"இது நல்லா இருக்கே!" என்று கலைவாணி அதைப் பலகையில் எழுதினார். முப்பது பெண்கள் அதைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டனர். நானும் எழுதிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில்கூட இவ்வளவு கண்டிப்பான சரிபார்ப்பு முறையை நான் கண்டதில்லை.

புதன்கிழமை வசந்தாவின் ஊருக்குப் போனேன். பாடாலூரில் இறங்கி உள்ளே போக வேண்டும். நான் ஏறிய பேருந்து பாடாலூரை என் கண்முன்னே கடந்தது. "நிக்காதுன்னு போர்டுலயே போட்டிருக்கு சார்," என்றார் நடத்துநர். "ஏறும்போது பாடாலூர் என்றுதானே கேட்டேன்?" "போகுமான்னு கேட்டீங்க. போகுதுல்ல?" அடுத்த சுங்கச்சாவடியில் இறக்கிவிட்டார். எதிர்ச் சாரிக்குப் போய், நின்று நின்று போகும் பேருந்தில் திரும்பினேன். ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒருவர் வெங்காய மூட்டையின் கால் பகுதியை வைத்திருந்தார்.

வசந்தாவின் வீட்டுச் சாவி எதிர்வீட்டு மல்லிகாவிடம் இருந்தது. வசந்தாவின் வயதுக்காரர். "வாங்கண்ணே," என்று திறந்துவிட்டு, சன்னலைத் திறந்தார். நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்கவில்லை. சமையலறை அலமாரியில், புளிப் பானைக்குப் பின்னால், இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள். இரண்டிலும் கழுத்துவரை வெள்ளை மாத்திரைகள். அடியில் இருந்தவை மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில், மே மாதத்து அட்டைகள் உடைபடாமல் இருந்தன.

"இது என்ன?" என்றேன்.

மல்லிகா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். "அதைப் போட்டா காலு வீங்குதுன்னு சொல்லும் அண்ணே. செருப்புகூட மாட்ட முடியலை, களை எடுக்கப் போக முடியலைன்னு. ராணி வர்ற வாரம் மட்டும் விடாமப் போட்டுக்கும்."

"அந்த வாரம் மட்டும் ஏன்?"

"சனிக்கெழமை ராணி வருவா. ஞாயித்துக்கெழமை நீங்க போன் பண்ணுவீங்க." பாட்டிலின் மூடியைத் துடைத்தார். "'அண்ணன் நம்பரைத்தான் கேக்கும். நல்லா இல்லைன்னா பூனாவுக்கு வான்னு நிக்கும். அங்க போயி மூணாவது மாடில நான் என்னத்தப் பண்ண?'ன்னு சிரிக்கும். அட்டையை மட்டும் அமுக்கி அமுக்கி இந்தப் பாட்டில்ல போட்டுரும். காலி அட்டை கேப்பாளே."

மேசை மேல் ஒரு தாளை விரித்து எண்ணினேன். முப்பது மாதங்கள், மாதம் ஏழு நாள் போக மீதி இருபத்துமூன்று. அறுநூற்றுத் தொண்ணூறு இருக்க வேண்டும். அறுநூற்று எண்பத்துநான்கு இருந்தன. ஆறு குறைகின்றன. வேறு எந்த ஆறு நாட்களில் அவள் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்பதை இனி அறிய வழியில்லை. மற்றபடி குறிப்பேட்டின் எண்கள் எல்லாம் உண்மை. மாதத்தில் ஒரு நாளுக்கு மட்டும் உண்மை.

பதினொரு மணிக்கு, நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்ட செல்வராணி தோளில் பையுடன் வந்தார். பாட்டில்களையும் தாளையும் பார்த்தார். எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பத்து மணிக்கே காலி அட்டையைப் பையில போட்டு ரெடியா வச்சிருப்பாங்க சார்," என்றார். "இந்த லைன்லயே இவங்கதான் கரெக்டுன்னு எல்லார் வூட்லயும் சொல்லிருக்கேன்." பிறகு, "எம்மேல புகார் எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன்."

"எம் பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கிறது."

"இதையும் சேத்துக்கோங்க. காலி அட்டை யாரும் சொல்லிக்கொடுத்தது இல்ல. நான் வச்ச சட்டம்."

சேர்க்கவில்லை. நான் எழுதியது வேறொரு குற்றத்துக்கான கடிதம். அதை நான்காகக் கிழித்து அடுப்படியில் வைத்தேன். மல்லிகா எடுத்துப் போனார்.

செல்வராணி எழுந்து பையை மாட்டினார். "எத்தனை வூட்ல இருக்குன்னு தெரியணும்," என்று சொல்லிப் படியிறங்கினார். நானும் போனேன். அவரை முழுதாக நம்பியதால் அல்ல. தனியாகப் போனால் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வாரோ என்ற ஐயம் அப்போதும் இருந்தது.

முதல் வீட்டுக்காரர் பழனிமுத்து, ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "பெரிப்பா, மாத்திரை வச்சிருக்குற டப்பாவைக் காட்டுங்க."

"எந்த டப்பா?"

"அட்டையை உரிச்சுப் போடுவீங்கள்ல, அந்த டப்பா."

பெரியவர் என்னைப் பார்த்தார். பெரிய அதிகாரி என்று முடிவு செய்திருக்க வேண்டும். "அட்டையைக் கேட்ட, குடுத்தேன். இப்ப மாத்திரையையும் திருப்பிக் கேக்குறியா? அப்பறம் எதுக்குடி குடுத்த?" என்று உள்ளே போய் ஒரு மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துவந்தார். பாதி நிரம்பியிருந்தது.

"ஏன் பெரிப்பா போடல?"

"நல்லாருக்கையில எதுக்குப் போடணும்? தலை சுத்துற அன்னிக்குப் போடுவேன்."

இரண்டாவது வீட்டு அம்மாள் கேள்வியே அவமானம் என்று கோபித்துக்கொண்டார். ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். சமாதானப்படுத்த இருவரும் மோர் குடிக்க வேண்டியிருந்தது. இரண்டு மணிக்குள் ஒன்பது வீடுகள். நான்கில் டப்பா இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் செல்வராணி நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். எதையும் குறைக்கவில்லை.

"முப்பது பேரு எழுதிட்டுப் போயிட்டாங்க சார் நேத்து," என்றார், ஆட்டோவுக்காக நிற்கையில். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "நான் சொல்லட்டுமா?" என்றேன். "நீங்க சொன்னா கம்ப்ளெய்ண்ட்டு. நான் சொல்லிக்கிறேன்."

"உங்களை நீக்கிவிடலாம்."

"தூக்குனா தூக்கட்டும். மேல இருக்குறவங்க கேக்கத்தான செய்வாங்க," என்றார். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஒரு நாள் இடைவெளிக்குப் பின், வியாழக்கிழமை, பயிற்சியின் இரண்டாம் நாள். பலகையில் செவ்வாயன்று எழுதிய வரி அழிக்கப்படாமல் இருந்தது. செல்வராணி கடைசி வரிசையில் அமர்ந்தார். முதல் மணி நேரம் சர்க்கரைப் பரிசோதனை. அவர் எழவில்லை. தேநீர் வந்தது, குடித்தார். சொல்லமாட்டார் என்று என் குறிப்பில் எழுதினேன். நேரத்தையும் எழுதினேன்: 11.25.

பதினொன்றரைக்கு அவர் பையிலிருந்து வசந்தாவின் பாட்டில்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். முந்தைய நாள் என்னிடம் கேட்டு வாங்கியிருந்தார். மேசை மேல் வைத்தார்.

"இது எங்க லைன்ல ஒரு அம்மா வூட்ல இருந்துச்சு மேடம். அவங்க போன மாசம் செத்துட்டாங்க. எனக்குக் காலி அட்டை கரெக்டா கொடுத்தவங்க. நேத்து ஒம்போது வூட்ல பாத்தேன். நாலு வூட்ல இப்படித்தான் இருக்கு. நான் சொன்னதை எல்லாரும் அடிச்சிருங்க."

பிறகு நடுவரிசையில் ஒரு பெண் மெதுவாக, "எங்க மாமியா வெத்தலைப் பெட்டில வச்சிருக்கு. சத்து மாத்திரைன்னு நெனச்சேன்," என்றார். இன்னொருவர், "அரிசி டின்னுல," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப எப்படித்தான் மேடம் கண்டுபிடிக்கிறது?" என்றது ஒரு குரல்.

கலைவாணி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படப்போகிறார், அல்லது மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். "தெரியலம்மா," என்றார். எழுந்து போய்ப் பலகையில் அந்த வரியை அழித்தார். பிறகு செல்வராணியிடம், "ஏன் போடலையாம் அந்த அம்மா?" என்றார்.

"காலு வீங்கியிருக்கு மேடம். அந்த மாத்திரைக்குப் பதிலா வேற இருக்குன்னு எனக்குத் தெரியும். அவங்க சொல்லல. நான் அட்டையைத்தான் கேட்டேன். காலைப் பாக்கல."

கூடத்தில் முப்பது பெண்களும் தலை குனிந்து எழுதினர். நான் எழுதவில்லை. எழுந்து வெளியே மாடிப்படிக்குப் போனேன். கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அரியலூருக்குத் திரும்பினேன். பேருந்து எங்கும் நிற்கவில்லை. ரயிலுக்கு முன் கிடைத்த நேரத்தில் இதை எழுதினேன்.

முடிக்காமல் விட்டவை:

தெற்குத் தெருவில் பூட்டியிருந்த மூன்று வீடுகள். செல்வராணி சனிக்கிழமை போவதாகச் சொன்னார். போனாரா என்று கேட்க வேண்டும்.

செல்வராணி மீது நடவடிக்கை ஏதும் வந்தால் அவருக்காக எழுத வேண்டிய கடிதம். யாருக்கு எழுதுவது என்று இன்னும் விசாரிக்கவில்லை.

என் இரத்த அழுத்தம். ஒரு வாரம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும்.

மல்லிகாவிடம் ஒரு கேள்வி: வீக்கம் எந்தக் காலில், எப்போது தொடங்கியது.

கடைசி முப்பத்தொரு மாதங்களில், எண்ணைத் தவிர வசந்தாவிடம் நான் வேறு என்ன கேட்டேன் என்று நினைவுகூர்வது. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். இதுவரை ஒன்றும் வரவில்லை.